பல்லுக்கென்று தனியாகக் காப்புறுதி எடுக்கலாமா? கொட்டகலையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

சகோதரி, நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் கொட்டகலைப் பக்கம் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. கணவருக்கு ஹட்டன் டவுனில் தனியார் கொம்பனி வேலை. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மாமியார், 62 வயது, உங்களோடு இருக்கிறார், வெற்றிலை போடுவார். வீட்டுக்கு வந்த ஏஜென்ட் ஆஸ்பத்திரிக் காப்புறுதி ஒன்றைக் காட்டி, அதோடு மாதம் இன்னும் 1,500 ரூபாய் கட்டினால் குடும்பத்துக்கு வருடம் 25,000 ரூபாய் வரை பல் செலவு கிடைக்கும் என்கிறார். பில்லில் 80 வீதம் திருப்பித் தருவார்கள். முதல் ஆறு மாதம் எதுவும் கேட்க முடியாது. எந்தக் கொம்பனியின் பல் காப்புறுதி நல்லது என்பது உங்கள் கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் வந்திருக்கிறது: கணவரின் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் (பல் வேரின் உட்புறத்தைச் சுத்தம் செய்து அடைப்பது) செய்து கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை) போட வேண்டும் என்று பல் டொக்டர் போன மாதம் சொல்லியிருக்கிறார். நீங்கள் உண்மையில் கேட்பது, இந்தப் பல்லுக்கு வரப்போகும் செலவைக் காப்புறுதியில் தள்ளிவிட முடியுமா, முடியாவிட்டால் அந்த 1,500 ரூபாயை மாதாமாதம் கட்டுவதில் அர்த்தம் உண்டா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. அந்தப் பல்லுக்கு இந்தப் பொலிசி பணம் தராது. பொலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த கோளாறு என்று அது விலக்கப்படும். ஆறு மாதம் பொறுத்திருந்து, புதிதாக வந்த வலி மாதிரிக் காட்டிக் கேட்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பல் டொக்டரிடம் எக்ஸ்ரே திகதியோடு இருக்கும். பொலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் தெரிந்ததை மறைத்தால் அந்த ஒரு கிளெய்ம் (பணம் கேட்கும் கோரிக்கை) மட்டும் போகாது, ஆஸ்பத்திரிக் காப்புறுதி உட்பட முழுப் பொலிசியுமே ஆட்டம் காணும். காப்புறுதிச் சட்டம் முழுவதும், எடுப்பவர் தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்வார் என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அதோடு, வலிக்கிற பல்லை ஆறு மாதம் காக்க வைத்தால் ரூட் கெனால் செய்யக்கூடிய பல், பிடுங்க வேண்டிய பல்லாக மாறிவிடக் கூடும்.

இரண்டாம் பாதிதான் நீளம். அதற்கு முன்பு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. காப்புறுதிக் கொம்பனிகளில் மருத்துவக் கிளெய்ம் பார்க்கும் மேசையில் பல வருடம் இருந்தவன் நான். பில், பொலிசிப் பத்திரம், விலக்குகள், இவைதான் என் பரிச்சயம். பல் வைத்தியர் அல்ல. எந்தப் பல்லைக் காப்பாற்றலாம், எதைக் கழற்ற வேண்டும் என்பதை உங்கள் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும். உங்களிடம் காட்டப்பட்ட பத்திரத்தை நான் பார்க்கவில்லை; நீங்கள் எழுதிய நான்கு எண்களை வைத்தே பேசுகிறேன். கொம்பனிப் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. இந்த விஷயத்தில் பெயரைவிட நிபந்தனைதான் முக்கியம். ஒரே கொம்பனி ஒரு வாடிக்கையாளருக்கு நல்ல திட்டமும் இன்னொருவருக்குப் பயனில்லாத திட்டமும் விற்கும்.

இலங்கையில் பல்லுக்கென்றே தனிப் பொலிசி கடைச்சரக்காகக் கிடைப்பது அரிது. பல் காப்புறுதி என்று நம்மூரில் சொல்லப்படுவது பெரும்பாலும் வேறொன்றின் வாலாக வரும். வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்புறுதியில், வெளிநோயாளர் செலவு என்ற பகுதிக்குள், மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பல்லுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஆயுள் காப்புறுதியோடு மேலதிக இணைப்பாக வரும். அதுவும் இல்லையென்றால் வருடாவருடம் புதுப்பிக்கும் மருத்துவப் பொலிசியில் ஒரு தெரிவாக இருக்கும். கடைசி இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, 2015 முதல் ஆயுள் காப்புறுதியும் பொதுக் காப்புறுதியும் வெவ்வேறு கொம்பனிகளாகப் பிரிய வேண்டி வந்தது. ஆகவே ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வந்தாலும் உங்களுக்குத் தருவது ஆயுள் பக்கமா, பொதுப் பக்கமா என்று கேளுங்கள். ஆயுள் பொலிசியோடு ஒட்டிய இணைப்பு என்றால், பல் பகுதி பிடிக்கவில்லை என்று நாளைக்கு நிறுத்தினாலும் மூலப் பொலிசிக்கு வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வருடாந்தப் பொலிசி என்றால் அடுத்த வருடம் பிரீமியத்தையும் (நீங்கள் கட்டும் தொகை) நிபந்தனையையும் அவர்கள் மாற்றலாம்.

தனிப் பொலிசி ஏன் இல்லை? காரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பல்லுக்குக் காப்புறுதி தேடுகிறவர்களில் பெரும்பாலோர் பல் ஏற்கெனவே தொல்லை கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் தேடுகிறார்கள். வீடு எரிவதும் வாகனம் மோதுவதும் யாருக்கு எப்போது நடக்கும் என்று தெரியாது. ஆயிரம் பேரிடம் சேர்த்த காசில் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். பல் அப்படியல்ல. சொத்தை மெல்ல மெல்ல வரும், வருவது முன்கூட்டியே தெரியும், கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். அதனால்தான் காத்திருப்புக் காலம், வருட உச்ச வரம்பு, பில்லில் ஒரு பங்கை நீங்களே ஏற்பது என்று மூன்று பூட்டுப் போடுகிறார்கள். பூட்டெல்லாம் போட்ட பிறகு மிஞ்சுவது காப்புறுதியைவிடச் சீட்டுக் கட்டுவதற்குத்தான் கிட்ட நிற்கிறது: உங்கள் காசை மாதாமாதம் கொடுத்து வைக்கிறீர்கள், பிறகு அதையே வாங்குகிறீர்கள். ஒரு வித்தியாசம், சீட்டில் உங்கள் முறை வராமல் போகாது. இங்கே அந்த வருடம் கேட்காத பணம் அந்த வருடத்தோடு போய்விடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,500 என்றால் வருடம் 18,000 ரூபாய். கூடிப்போனால் திரும்பி வருவது 25,000. ஆக ஒரு வருடத்தில் உங்களுக்கு வரக்கூடிய உச்ச லாபம் 7,000 ரூபாய், அவ்வளவுதான். அந்த 25,000 முழுதாக வர வேண்டுமென்றால், 80 வீதக் கணக்கில், 31,250 ரூபாய்க்குப் பில் சேர வேண்டும். கட்டிய 18,000 ரூபாயை எடுப்பதற்கே 22,500 ரூபாய் பில் வேண்டும். அதற்குக் கீழே செலவான வருடங்களில் எல்லாம் நட்டம். முதல் வருடம் இன்னும் மோசம், ஏனென்றால் ஆறு மாதம் 9,000 ரூபாய் கட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். மறுபக்கம், யாருக்காவது பெரிய வேலை வந்து ஒரு லட்சம் செலவானாலும் அவர்கள் பொறுப்பு 25,000 ரூபாயில் நின்றுவிடும். சின்னச் செலவை நீங்களே சமாளித்துக்கொண்டு, தாங்க முடியாத செலவை அடுத்தவர் தலையில் ஏற்றுவதற்குத்தான் காப்புறுதி. இந்தத் திட்டம் அதைத் தலைகீழாகச் செய்கிறது.

இந்தக் கணக்கை மாற்றக்கூடிய இரண்டு விவரங்களை நீங்கள் எழுதவில்லை. 25,000 என்பது ஆளுக்கா, குடும்பம் முழுவதற்குமா? குடும்பத்துக்கு என்று நீங்கள் சொன்னதை வைத்துத்தான் மேலே கணக்குப் போட்டேன். ஆளுக்கு 25,000 என்றால் கதை வேறு, அந்த விலைக்கு அது நல்ல பேரம். இரண்டாவது, வரம்புக்குள்ளே வரம்பு இருக்கிறதா? 25,000 என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஒரு தடவைக்கு இவ்வளவுதான், ஒரு பல்லுக்கு இவ்வளவுதான் என்று உள்ளே சின்ன எழுத்தில் இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏஜென்டுக்கே அது தெரியாமலிருப்பதும் உண்டு. பாவம், அவரிடம் கொடுத்திருப்பது ஒரு பக்க விளம்பரத் தாள்தான். பத்திரத்தின் மாதிரிப் பிரதியைக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இணையத்தில் தேடிப் படித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்காக்காரர்களுக்காக எழுதியது. அங்கே பல் காப்புறுதி தனிச்சந்தை. சுத்தம் செய்வதற்கும் பரிசோதனைக்கும் 100 வீதம், பல் அடைப்பதற்கு 80, கிரவுன் மாதிரிப் பெரிய வேலைக்கு 50 என்ற வாய்ப்பாடு அங்கே பிரபலம். வருட வரம்பு பொதுவாக ஓராயிரம், இரண்டாயிரம் டொலருக்குள் நிற்கும். பல பத்தாண்டுகளாகப் பெரிதாக உயரவுமில்லை. அங்கேயும் மக்கள் கேட்பது நீங்கள் கேட்கிற அதே கேள்விதான். ஆனால் அவர்களுக்கு வைத்தியர் பட்டியல் என்று ஒன்று உண்டு, அந்தப் பட்டியலில் உள்ளவரிடம் போனால் விலையே குறையும். நம் மலையகத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பல் டொக்டரிடம் போனால் முழுப் பில்லையும் நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு, ரசீதை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். கையில் காசில்லாத மாதத்தில் இந்தக் காப்புறுதி உதவிக்கு வராது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே அமெரிக்கக் கட்டுரைகளில் நெட்வொர்க் என்று அந்த வைத்தியர் பட்டியலைப் பற்றி வரும் பக்கங்களை அப்படியே தள்ளிவிடுங்கள். காத்திருப்புக் காலம், உச்ச வரம்பு பற்றிச் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன்பு உங்கள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணவரின் கொம்பனியில் குழு மருத்துவக் காப்புறுதி இருக்கிறதா என்று அவர் ஆளணிப் பிரிவில் கேட்கட்டும். இருந்தும் தெரியாமல் வருடக்கணக்கில் விட்டவர்கள் நிறைய. குழுக் காப்புறுதியில் ஒரு பெரிய வசதி உண்டு: எல்லா ஊழியரையும் ஒன்றாகச் சேர்ப்பதால் முன்பே இருந்த கோளாறு பற்றிய நிபந்தனை பல சமயம் தளர்வாக இருக்கும். கணவரின் அந்தக் கடைவாய்ப் பல்லுக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்க ஒரு வழி உண்டென்றால் அது இதுதான். உறுதியாகக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, கேட்டுப் பார்க்க வேண்டிய இடம் அது என்கிறேன். அப்புறம் உங்கள் பக்கம். அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதிக்கு உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் கழிவு போகிறதா என்று சம்பளச் சிட்டையைப் பாருங்கள். அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருவது. பல் விஷயத்தில் அது எதுவரை வரும் என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் நன்மைப் பட்டியலை வாங்கிப் பார்த்துத் தீர்மானியுங்கள். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது என்பதால், இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொன்றுக்குக் கட்டுவது வீண்.

காப்புறுதியே இல்லாத பெரிய காப்பு ஒன்றும் நமக்கு உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவு. ஆதார வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் பல் டொக்டர் இருப்பார், காசு கிடையாது. உங்களுக்குக் கிட்ட டிக்கோயா, கொஞ்சம் தள்ளினால் நுவரெலியாவும் நாவலப்பிட்டியும். பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 13 வயது வரை பார்ப்பார்கள். மகன் நன்றாக அதற்குள் அடங்குவான். மகள் விளிம்பில் நிற்கிறாள், ஆகவே இந்தத் தவணையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். சொத்தையைச் சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் நான் இங்கே எழுதுவதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், சின்ன ஆஸ்பத்திரிகளில் பல்லைக் கழற்றுவதும் அடைப்பதும் நடக்கும், பல்லைக் காப்பாற்றும் நீண்ட வேலை நடப்பது குறைவு. ரூட் கெனாலுக்குப் பல தடவை நாற்காலியில் உட்கார வேண்டும். வெளியே நூறு பேர் நம்பர் எடுத்துக்கொண்டு நிற்கும்போது ஒரு டொக்டர் ஒரு பல்லோடு ஒரு மணி நேரம் செலவழிக்க முடியாது. கிரவுன் என்றால் லேப் வேலையும் சேரும். இந்த இடைவெளியில்தான் மலையகத்துக் குடும்பங்கள் தனியாரிடம் போகின்றன, அல்லது பல்லை இழக்கின்றன. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். அடைக்கும் பொருள், விறைப்பூசி, ரூட் கெனால் ஊசிகள் எல்லாம் இறக்குமதிதான். தனியார் பில் எகிறியது அப்படித்தான். பழைய பொலிசிகளில் ரூபாயில் எழுதிய வரம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதுப் பொலிசி எடுப்பதென்றாலும் வரம்பு வருடாவருடம் உயருமா என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

அந்த இடைவெளிக்கு ஒரு மாற்று பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை. பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்தது, ஜப்பானிய உதவியில் கட்டிய பெரிய கட்டடம். ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறினால் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். ரூட் கெனால், கிரவுன், பல் வரிசையைச் சீராக்கும் கம்பி, வாய்ப் புண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரிவு, விசேட வைத்தியர்கள். பயிற்சி மாணவர்கள் மேற்பார்வையோடு செய்யும் வேலைகளும் உண்டு. நேரம் எடுக்கும், ஆனால் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். டிக்கோயாவில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் சுலபம். விலை என்று பார்த்தால், நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் பணமல்ல, நாட்கள். கணவருக்கு லீவு எடுப்பது கஷ்டமென்றால் அந்த நாட்களுக்கும் ஒரு விலை போட்டு, தனியார் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டத்தில் வேலைக்குப் போன நாளுக்கு மட்டும் பேர் போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

மகளுக்குப் பல் எடுப்பாக இருக்கிறது, கம்பி போட வேண்டி வரலாம் என்றும் ஒரு கவலை எழுதியிருந்தீர்கள். அதற்காக இந்தப் பொலிசியை எடுக்காதீர்கள். கம்பி போடுவது, பல்லை வெண்மையாக்குவது, இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) ஆகிய மூன்றும் விலக்குகள் பக்கத்தில் முதலில் நிற்பவை. அழகுக்கான சிகிச்சை என்று ஒதுக்கிவிடுவார்கள். கடிக்கச் சிரமம் இருந்தாலும் அந்த வாதம் எடுபடுவது அபூர்வம். பேராதனையில் கம்பிக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம் என்பதால் பெயரை முன்கூட்டியே பதிவதுதான் புத்தி.

பத்திரம் கைக்கு வந்தால் இன்னொரு இடத்தையும் தேடிப் பாருங்கள். அது பல் இணைப்பில் இருக்காது, ஆஸ்பத்திரிக் காப்புறுதியின் விலக்குகளில் இருக்கும். பெரும்பாலான பத்திரங்களில், விபத்தினால் ஏற்பட்டதைத் தவிர வேறு பல் சிகிச்சை எதுவும் சேராது என்ற வாசகம் வரும். அப்படியென்றால் மோட்டார் சைக்கிளில் விழுந்து பல் உடைந்தால், மழையில் வழுக்கும் லயத்துப் படியில் பிள்ளை விழுந்து தாடை பெயர்ந்தால், அந்தச் செலவு ஆஸ்பத்திரிக் காப்புறுதிக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதற்குத் தனிப் பல் இணைப்புத் தேவையில்லை. ஆனால் எத்தனை நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று ஒரு கெடு இருக்கும். புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை மயக்க மருந்து கொடுத்து, வார்டில் அனுமதித்து எடுப்பது இரண்டுங்கெட்டான் நிலை. சிலர் அறுவைச் சிகிச்சை என்று ஏற்பார்கள், சிலர் பல் என்று தள்ளுவார்கள். இதில் பொது விதி என்று எதையும் சொல்ல என்னால் முடியாது. முன்கூட்டியே எழுதிக் கேட்பதே வழி.

எடுத்தீர்களோ இல்லையோ, கணவரின் குழுக் காப்புறுதிக்காகவாவது பில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறுக்கப்பட்டு என் மேசைக்கு வந்த பல் கிளெய்ம்களில் பாதியும் கோளாறான பில்லினால்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் "பல் சிகிச்சை" என்று மட்டும் எழுதி ஒரு தொகை போட்டிருந்தால் அது எந்தப் பல், என்ன சிகிச்சை என்று யாருக்கும் தெரியாது. பல் டொக்டர்கள் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்க எண் வைத்திருக்கிறார்கள். கீழ்த்தாடையில் இடது பக்கத்து முதல் பெரிய கடைவாய்ப் பல் 36, அதே இடம் வலது பக்கம் 46. அந்த எண், செய்த வேலை, ஒவ்வொரு நாளின் திகதி, டொக்டரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம், கையொப்பம், இத்தனையும் பில்லில் வரச் சொல்லுங்கள். மனம் கோணாமல் எழுதித் தருவார்கள். எக்ஸ்ரேயை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூல ரசீதை அனுப்புமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரூட் கெனாலும் கிரவுனும் சில வாரம் தள்ளித்தான் நடக்கும். பொலிசி வருடம் முடியும் சமயமென்றால் முதலாவதை இந்த வருடத்திலும் அடுத்ததைப் புது வருடத்திலும் வைத்து இரண்டு வருட வரம்பையும் பயன்படுத்தலாம். டொக்டர் அவ்வளவு நாள் பொறுக்கலாம் என்று சொன்னால் மட்டும். பதிவு இல்லாமல் கட்டுப்பல் செய்து கொடுக்கிறவர்கள் நம் டவுன்களிலும் இருக்கிறார்கள். அவர்களின் பில்லுக்கு எந்தக் கொம்பனியும் பணம் தராது, வாய்க்கும் நல்லதில்லை.

மாமியார் விஷயத்தை இந்தப் பொலிசியோடு சேர்த்து யோசிக்க வேண்டாம். 62 வயதில் புதிதாகச் சேர்ப்பது கஷ்டம், சேர்த்தாலும் பிரீமியம் கடுமையாக இருக்கும். ஆனால் உங்கள் குடும்பத்தில் வாய் சம்பந்தமான பெரிய ஆபத்து யாருக்கு என்று கேட்டால் அவருக்குத்தான். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களில் எண்ணிக்கை குறைவென்றாலும், வெற்றிலை போடும் தோட்டத்துப் பெண்களுக்கு அது ஆறுதலாகாது. "நான் போயிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று அவர் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வகைப்படுத்தியது, புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படிவு இருக்கிறதா, மிளகாய் பட்டால் தாங்க முடியாத எரிச்சலா, வாயை முன்பு போல அகலத் திறக்க முடியவில்லையா, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் டிக்கோயாவுக்கோ பேராதனைக்கோ உடனே கூட்டிக்கொண்டு போங்கள். இருக்கா இல்லையா என்று தெரியாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். சோதனையும் சிகிச்சையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். வலி இல்லாததால்தான் பலர் தாமதிக்கிறார்கள். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை.

சரி, என் தீர்ப்பு. நீங்கள் எழுதிய நிபந்தனைகள் அப்படியே என்றால் பல் இணைப்பை நான் எடுக்க மாட்டேன். அந்த 1,500 ரூபாயை வேறொரு வங்கிப் புத்தகத்தில் போட்டு வந்தால் மூன்று வருடத்தில் வட்டியில்லாமலே 54,000 ஆகும். அது காத்திருப்புக் காலம் கேட்காது, பழைய பல், புதிய பல் என்று பார்க்காது. ஆஸ்பத்திரிக் காப்புறுதியைத் தனியாக யோசியுங்கள். அது வேறு கணக்கு, அதில் அர்த்தம் உண்டு. என் தீர்ப்பு மாறுவதற்கு மூன்று நிலை உண்டு. வரம்பு ஆளுக்கு 25,000 என்றிருந்தால். கணவரின் கொம்பனி பிரீமியத்தில் ஒரு பங்கைக் கட்டினால். அல்லது நேர்மையாக யோசித்துப் பார்த்து, அந்தப் புத்தகத்திலிருந்து தீபாவளிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் காசு எடுத்துவிடுவோம் என்று உங்களுக்கே தோன்றினால். மூன்றாவது காரணத்தைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அந்தக் காரணத்துக்காகவே பொலிசி எடுத்து நன்மையடைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கணவரின் பல்லுக்கு இப்போது என்ன செய்வது என்றால், முதலில் ஆளணிப் பிரிவு, பிறகு பேராதனை, இரண்டும் சரிவராவிட்டால் தனியாரிடம் தவணையாகக் கட்டலாமா என்று கேட்பது. ரூட் கெனாலுக்கும் கிரவுனுக்கும் தனித்தனியாகக் கட்டச் சம்மதிக்கும் டொக்டர்கள் இருக்கிறார்கள்.

பிறகு எப்போதாவது எடுத்து, கிளெய்ம் மறுக்கப்பட்டால் சும்மா விட்டுவிடாதீர்கள். எந்த விலக்கின் கீழ் மறுத்தார்கள் என்பதைக் கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலும் திருப்தி தராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (கொம்பனிக்கும் பொலிசிக்காரருக்கும் இடையிலான தகராறை விசாரிப்பவர்) போகலாம், பொலிசிக்காரரிடம் அங்கே கட்டணம் வாங்குவதில்லை. கொம்பனிகளின் நடத்தை பற்றிய முறைப்பாட்டுக்கு இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. இரண்டு இடத்திலும் உங்கள் கையில் கடதாசி இருக்க வேண்டும். ஏஜென்ட் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே சொன்னது அங்கே சான்றாகாது. ஆகவே ஆளுக்கா குடும்பத்துக்கா, பல்லுக்கு உள்வரம்பு உண்டா, ஞானப்பல் எதில் சேரும் என்ற மூன்று கேள்விக்கும் பதிலை அவரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு கையொப்பம் போடுவதைப் பற்றி யோசியுங்கள்.